முடி கொட்டுகிறதா? காரணம் அறிவதிலிருந்து சிகிச்சை வரை, வரிசைப்படி

முப்பத்தொரு வயதில் என் வகிடு அகலமாவதைக் கவனித்தேன். அடுத்த ஒன்றரை வருஷம் எண்ணெய், ஷாம்பு, பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரை என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "எப்போதிலிருந்து? எந்த இடத்தில்?" என்னிடம் சரியான பதில் இல்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் சன்னமாகிப் போன முடியில் ஒரு பகுதி திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு தம்பி, அத்தை மகள், அலுவலகத் தோழிகள் என்று பலருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எந்த வகை உதிர்வு என்று தெரிந்துகொள்ளாமல் மருந்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஒரு வகைக்கு உதவும் மருந்து இன்னொரு வகைக்கு வீண், சிலதற்குக் கெடுதல். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, அளவு இரண்டையும் உங்களைப் பரிசோதித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. கேமரா உள்ள போன். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சத்து மாத்திரை, லேகியம் உட்பட. கடைசி ஒரு வருஷத்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் அவையும்.

இவற்றோடு குறைந்தது ஆறு மாதப் பொறுமை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எந்த மருந்தாக இருந்தாலும் இதைவிட வேகமாகக் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. இருபது நாளில் பலன் என்று யார் சொன்னாலும், இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1. இன்றே போட்டோ எடுங்கள்

மருந்து தொடங்கிய பிறகு எடுத்தால், எங்கிருந்து ஆரம்பித்தோம் என்பதே தெரியாமல் போகும். தினமும் கண்ணாடியில் பார்க்கும் தலையில் மாற்றம் பிடிபடாது. மனம் ஒரு நாள் கூடிவிட்டது என்று சொல்லும், மறுநாள் போய்விட்டது என்று சொல்லும்.

எண்ணெய் இல்லாத, நன்றாகக் காய்ந்த தலை. ஜன்னலோரப் பகல் வெளிச்சம். நடு வகிடு எடுத்து மேலிருந்து ஒன்று, முன்நெற்றி ஒன்று, இரண்டு பொட்டுப் பக்கமும், உச்சியும், பிடரியும். ஆறு படம் போதும். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், அதே ஜன்னலில் எடுங்கள்.

ஈரத் தலையோடும் எண்ணெய்த் தலையோடும் எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முடி ஒட்டிக்கொண்டு தோல் பளிச்சென்று தெரியும். முதல் படம் ஈரத்தில், மூன்றாம் படம் காய்ந்த தலையில் என்றால், மருந்தே போடாவிட்டாலும் பலன் கிடைத்தது போலத் தோன்றும்.

2. உதிர்கிறதா, உடைகிறதா, மெலிகிறதா என்று பிரியுங்கள்

மூன்றையும் நாம் "முடி கொட்டுது" என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றுக்கும் வழி வேறு.

விழுந்த முடிகளில் பத்தை வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேர்ப்பக்கத்திலிருந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால் நடுவில் உடைந்தது. சாயம், சூட்டுக் கருவி, ஈரத் தலையில் சீப்பை இழுப்பது ஆகியவை உடைப்புக்குக் காரணம். உடைவதற்கு வேருக்கான மருந்து எதுவும் வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதும். போர் தண்ணீரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உப்பு அதிகமான தண்ணீரால் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும். அதனால் வழுக்கை விழாது.

வெள்ளைக் குமிழைப் பார்த்து "வேரே பிடுங்கி வந்துவிட்டது" என்று அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அது வேர் இல்லை. ஓய்வுக் கட்டத்தை முடித்துக்கொண்ட முடியின் அடிமுனை. வேர்க்குழி தோலுக்குள் அப்படியே இருக்கிறது, அடுத்த முடி அங்கிருந்துதான் வரும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மூன்று நாளுக்கு ஒருமுறை தலை குளிப்பவருக்கு அந்த மூன்று நாள் கணக்கும் ஒரே நேரத்தில் குளியலறையில் தெரியும். முடி நீளமாக இருந்தால் கற்றையும் பெரிதாகத் தெரியும். எண்ணிக்கையைவிட "எனக்கு வழக்கமாக விழுவதைவிடக் கூடியிருக்கிறதா?" என்ற கேள்விதான் பயனுள்ளது.

எதுவும் அதிகமாக உதிராமலே வகிடு அகலமாகிறது, ஜடை மெலிகிறது, உச்சியில் தோல் தெரிகிறது என்றால் அது மெலிவு. தடிமனாக இருந்த முடி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சன்னமாகி, கடைசியில் பூனை முடி போல் ஆகிவிடும். எனக்கு நடந்தது இதுதான். கையில் முடி விழாததால், நோய் இருப்பதே தெரியாமல் நாள் போனது.

3. காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போங்கள்

திடீரென்று கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், இந்த வாரம் என்ன சாப்பிட்டோம், எந்த ஷாம்பு மாற்றினோம் என்று தேடாதீர்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

காரணம் எளிது. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம் போல நீடிக்கும். அது முடியும்போது எல்லாம் சேர்ந்து விழும். டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சல்கள், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு. இவற்றை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். புதிதாகத் தொடங்கிய மாத்திரையையும் எழுதுங்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் சில மருந்துகள் முடியை உதிர்க்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இந்த வகை உதிர்வு, காரணம் விலகினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். என் அத்தை மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் கை நிறைய விழுந்தது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். கால அளவில் அது சரியான கவனிப்புதான். அவளை எந்தச் செலவும் செய்யவிடாமல் தடுத்ததுதான் நான் செய்த உதவி. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முன்நெற்றி ஓரமெல்லாம் குட்டை முடி முளைத்துவிட்டது.

4. உதிரும் இடத்தின் உருவத்தைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கூட ஒருவரை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில், சீப்பால் பிரித்துத் தலை முழுவதையும் பாருங்கள்.

*பரம்பரை வழுக்கை.* ஆணுக்கு இரண்டு பொட்டுப் பக்கமும் ஏறும், உச்சி திறக்கும், பிடரி முடி நிற்கும். பெண்ணுக்கு முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்க, நடு வகிடு அகலமாகும். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு அந்தப் பகுதி வேர்கள் மட்டும் கூடுதலாகக் கூசுவதுதான் ஆண்களில் காரணம். தாய்வழியில்தான் வரும் என்பது தவறு, இரண்டு பக்கமிருந்தும் வரும். பெண்ணுக்கு இதோடு மாதவிடாய் தள்ளிப் போவது, தாடையில் முடி, அடங்காத பரு இருந்தால் கருப்பையில் நீர்க்கட்டி என்று பரவலாகச் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

*புழுவெட்டு.* நாணயம் அளவு வட்டமாக, வழவழவென்று, செதிலோ வலியோ இல்லாமல் முடி போயிருக்கும். பெயரில்தான் புழு. உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் வேர்களையே தாக்குவதால் வருவது, யாருக்கும் தொற்றாது. பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோல் வெந்துபோய் வந்தவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

*படர்தாமரை.* இதுவும் வட்டமாகத்தான் இருக்கும். ஆனால் செதில், அரிப்பு, வேரருகே ஒடிந்த கறுப்புப் புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது, தொற்றும். தலையில் வந்த பூஞ்சைக்குக் களிம்பு மட்டும் போதாது, வேர் வரை மருந்து போக வாய்வழி மருந்து பல வாரம் வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதை மறைத்துப் பரப்பிவிடும். சீப்பு, துண்டு, தலையணை உறையைத் தனியாக்குங்கள்.

*இழுப்பால் வருவது.* இறுக்கிப் பின்னும் ஜடை, தூக்கிக் கட்டும் கொண்டை, நாட்டியத்துக்கு வைக்கும் கனமான சவுரி. நெற்றி ஓரமும் காதோரமும் பின்வாங்கும். ஆரம்பத்தில் இறுக்கத்தைத் தளர்த்தினாலே திரும்பும். பல வருஷம் இழுத்தால் திரும்பாது.

*தழும்பு விழும் வகை.* இதை மட்டும் நாள் கடத்தாதீர்கள். எரிச்சல், வலி, சிவப்பு, சீழ், வேரைச் சுற்றிச் செதில், அல்லது வேர்த்துளைகளே தெரியாமல் பளபளக்கும் தோல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். இதில் வேர்க்குழியே அழிகிறது, அழிந்த இடத்தில் மருந்தால் முடி முளைக்காது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சிகிச்சை.

ஒருவருக்கே இரண்டு வகை சேர்ந்து இருக்கலாம். பரம்பரை மெலிவு ஏற்கெனவே உள்ளவருக்கு டெங்கு வந்து மொத்தமாக உதிரும்போதுதான் மெலிவு வெளியே தெரியும். ஆறு மாதத்தில் உதிர்வு நின்றும் அடர்த்தி பழையபடி வரவில்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள்.

5. சத்து மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

மாத்திரையை முதலில் சாப்பிட்டுவிட்டால், குறை இருந்ததா என்பதே தெரியாது. பொதுவாகக் கேட்பவை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். தேவைப்பட்டால் விட்டமின் டி, பி12. ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு வற்றிப் போயிருக்கலாம். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும் பெண்களிடம் இது சாதாரணம்.

பயோட்டின் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை முடிவும் தவறாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வகத்திலும் சொல்லுங்கள். பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறை இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. விட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியை உதிர்க்கும். நாலைந்து சத்து மாத்திரைகளை ஒன்றாக விழுங்குபவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு சேர்க்காதீர்கள், உடம்பில் ஏறாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. தோல் மருத்துவரிடம் போகும் நாள்

முடி மையங்களின் "இலவசத் தலைத்தோல் பரிசோதனை" பெரும்பாலும் ஒரு பேக்கேஜை விற்பதில் முடியும். ஒரு மையத்தில் என் தோழியிடம் பத்து மாதத் தொகையை முன்பணமாக வாங்கிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது தைராய்டு குறை. தோல் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். செலவு யோசனை இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும்.

எண்ணெய், மை, முடிப்பொடி இல்லாமல் போங்கள். அன்று காலையில் தலை குளிக்காதீர்கள். ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்து, எத்தனை வருகிறது என்று அவர் பார்ப்பார். காலையில் குளித்திருந்தால் வர வேண்டியது ஏற்கெனவே போயிருக்கும்.

மூன்று கேள்வி கேட்டு, பதிலை நோட்டில் எழுதுங்கள். இது எந்த வகை? மருந்தை எத்தனை நாள் போட வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்? கர்ப்பமாக இருந்தால், பாலூட்டினால், அல்லது குழந்தைக்குத் திட்டமிட்டால் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

7. மினாக்ஸிடில் போடும் முறை

பரம்பரை மெலிவுக்கு ஆண், பெண் இருவருக்கும் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் தலைத்தோலில் தடவும் இந்த மருந்துதான். மருந்து நல்லதுதான். போடும் விதத்தில்தான் பலரும் தோற்கிறார்கள்.

வழக்கமான அளவு ஒரு தடவைக்கு ஒரு மில்லி. ஆண்களுக்கு 5 சதவீதம், நாளுக்கு இருமுறை. பெண்களுக்கு 2 சதவீதம் இருமுறை, அல்லது 5 சதவீத நுரை ஒரு முறை. இருமுறை போட்டால் 60 மில்லி புட்டி சரியாக ஒரு மாதம் வரும். இரண்டு மாதம் வருகிறது என்று யாராவது சொன்னால், பாதிதான் போடுகிறார்கள்.

மருந்து முடிக்கு இல்லை, தோலுக்கு. காய்ந்த தலையில் வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் சொட்டுவிட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவில் போடுவதானால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி வளரும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், இந்த மருந்து பூனைக்கு விஷம்.

எண்ணெய் வைக்கலாமா? தலை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து, அலசி, காயவைத்து, பிறகு மருந்து. தேங்காய் எண்ணெய் முடித்தண்டைக் காக்கும், உடைவதைக் குறைக்கும். சன்னமாகிப் போன வேரை அது திருப்பாது.

மிக முக்கியமான இடம் இது. தொடங்கிய சில வாரத்தில் உதிர்வு கூடலாம். ஓய்வில் இருக்கும் பழைய முடிகளைப் புதியவை தள்ளுவதால் வருவது. பயந்து நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் தம்பி ஐந்தாம் வாரத்தில் நிறுத்தினான், எட்டு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம். நிறுத்தினால், கிடைத்தது சில மாதங்களில் போய்விடும். தொடர்ந்து போட முடியுமா என்று முதல் புட்டி வாங்கும்போதே யோசியுங்கள்.

தோல் அரித்தால், அது பலருக்கும் திரவத்தில் கலந்துள்ள புரொப்பிலீன் கிளைக்காலால் வருவது. நுரை வகையில் அது பெரும்பாலும் இல்லை. நெஞ்சு படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் வேண்டாம். குறைந்த அளவில் இதையே மாத்திரையாகவும் தருகிறார்கள். அது அடிப்படையில் ரத்த அழுத்த மருந்து, தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

8. ஃபினாஸ்டரைடு பற்றி முடிவெடுப்பதற்கு முன்

இது பரம்பரை வழுக்கைக்கான மாத்திரை, ஆண்களுக்கு நாளுக்கு 1 மில்லிகிராம். டி.எச்.டி. உண்டாவதைக் குறைப்பதால் வழுக்கை பரவுவதைத் தடுக்கும். சிலருக்குப் பாலுறவு நாட்டமும் விறைப்பும் குறையலாம், மனச்சோர்வு வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025-ல் உறுதிப்படுத்தியது. முன்பு மனச்சோர்வு இருந்தவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ளவர்களும் மன மாற்றத்தைக் கவனியுங்கள்.

காசு மிச்சம் என்று, இதே மருந்தின், புராஸ்டேட் சுரப்பிக்கான 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக வெட்டும் பழக்கம் இருக்கிறது. வெட்டிய மாத்திரையைக் கர்ப்பிணி தொட்டால், வயிற்றிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மனைவி கர்ப்பமாக இருக்கும் வீட்டில் இது கூடவே கூடாது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவையும் இந்த மருந்து ஏறத்தாழப் பாதியாக்கிக் காட்டும். அந்தப் பரிசோதனைக்குப் போனால் சொல்லுங்கள்.

9. மற்ற வகைகளுக்கு

புழுவெட்டுச் சிறியதாக இருந்தால் தானே முளைப்பதும் உண்டு. இல்லையென்றால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுதும் பரவிய பெரியவர்களுக்கு, 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிடினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் முன்னும் பின்னும் பரிசோதனைகள் தேவை.

பொடுகு தனியாக வழுக்கையை உண்டாக்காது. ஆனால் சொறியச் சொறிய உதிர்வு கூடும். கீட்டோகொனசோல் ஷாம்பு எழுதித் தந்தால், போட்டதும் அலசாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாகும் என்பது சரியல்ல. வெட்டிய முனை தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

10. ஊசி, அறுவை: இவை கடைசியில்

நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துத் தலையில் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியில் சிலருக்குப் பலன் இருக்கிறது, முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. மருந்துக்குத் துணையாக வைக்கலாம், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

முடி மாற்று அறுவையில் பிடரி முடியை எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்டதுதான் நிற்கும். பக்கத்திலுள்ள பழைய முடி தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மருந்தில் வழுக்கை ஒரு நிலைக்கு வந்த பிறகே இதை யோசிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் நெற்றிக் கோட்டை நட்டுக்கொண்டு, முப்பதில் அதற்குப் பின்னால் வெறுமையாகத் தெரிபவர்கள் இருக்கிறார்கள். பிடரியில் எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு, எடுத்தது அங்கே மறுபடி முளைக்காது. நட்ட முடி முதல் சில வாரத்தில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்துக்கு மேல் முளைக்கும். முழுப் பலனுக்கு ஒரு வருஷம்.

யார் கத்தி வைப்பது என்று கேளுங்கள். 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பட்டறைகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது இதற்குப் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்னது. முழு நேரமும் மருத்துவர் இருப்பாரா, மரத்துப்போக எவ்வளவு மருந்து செலுத்துவார்கள், ஆபத்து வந்தால் சமாளிக்க ஆக்சிஜனும் ஆளும் உண்டா? பதில் சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

11. ஆறாம் மாதம் படங்களை எடுத்து வையுங்கள்

முதல் மாதப் படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் அருகருகே வையுங்கள். நடுவில் உள்ளவற்றைப் பார்க்க வேண்டாம், குழப்பும். வகிடு குறுகியிருந்தால் அப்படியே தொடருங்கள். மாற்றமே இல்லை என்றாலும், மெலிந்துகொண்டே போனவருக்கு அது நின்றதே பலன். மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள். என் வகிடு இந்த நிலையில்தான் நான்கு வருஷமாக இருக்கிறது.

ஒழுங்காகப் போட்டும் மோசமாகியிருந்தால், அளவைக் கூட்டாதீர்கள், மருந்தை மாற்றாதீர்கள். நோட்டோடு மருத்துவரிடம் திரும்பிப் போய், வகை சரிதானா, தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.